அத்தை கேட்ட மூன்றாவது சீட்டு

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது வடமதுரைப் பக்கம் எங்கள் ஊரில் தேர்தல் வந்தது. அப்பாவின் சிநேகிதரான அரிசி மில்லுக்காரர் சட்டசபைக்கு நின்றார். "வீட்டு ஓட்டு மொத்தமும் உங்களுக்குத்தான்" என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த ஓட்டுகளில் ஒன்று, கணவர் இறந்தபின் எங்களோடு இருந்த அத்தையுடையது. அத்தை அப்பாவுக்கு அக்கா. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வழக்கமும் வீட்டில் இல்லை.

டெல்லியில் கீழ்சபை, மேல்சபை என்று இரண்டு சபைகள் உண்டு, சட்டம் இரண்டிலும் நிறைவேறவேண்டும் என்று பஞ்சாயத்து ரேடியோவில் சொன்னதை அத்தை பூக்கட்டிக்கொண்டே கேட்டிருந்தாள்.

ஓட்டுப் போட என் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். அப்போதெல்லாம் மறைவுக்குள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி இருக்கும். பார்லிமெண்டுக்கு ஒரு சீட்டு. அதைப் போட்டுவிட்டு வந்தால் சட்டசபைக்கு இன்னொன்று. இரண்டாவதை வாங்கிய அத்தை நகரவில்லை.

"மேல்சபைக்குச் சீட்டு குடுக்கலையே, சார்?"

அதிகாரி சிரிக்காமல் பதில் சொன்னார். "அதுக்கு நீங்க போட வேண்டியதில்லம்மா. நீங்க அனுப்புற எம்.எல்.ஏ. போடுவாரு."

"எனக்குப் பதிலாவா?"

"அப்படித்தான்."

"அப்ப இதச் செத்த யோசிச்சுல்ல போடணும்" என்று மறைவுக்குள் போனவள் வெளியே வர வெகுநேரமாயிற்று. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது.

வெளியே அப்பா காத்திருந்தார். "என்னக்கா இம்புட்டு நேரம்? நம்ம பெட்டியிலதான போட்ட?"

"நான் நெனச்ச பெட்டியில போட்டேன், தம்பி."

அப்பா முகம் சிவந்தது. மத்தியானம் யாரோடும் பேசாமல் சாப்பிட்டார். ஆனால் எழுந்திருக்கும் முன் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனக் கிண்ணத்தை அத்தை பக்கம் நகர்த்தி வைத்தார்.

சாயங்காலம் மில்லுக்காரர் வந்தார். "ஒங்க அக்கா ஓட்டும் நமக்குத்தான?" என்று வாசலில் நின்றே கேட்டார்.

அப்பா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "அத அவங்களத்தான் கேக்கணும்."

மில்லுக்காரர் கேட்கவில்லை. மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினார்.

நான் அடுப்படிக்கு ஓடி, "அத்தை, ஒங்களத்தான் கேக்கணுமாம், அப்பா சொல்றாரு" என்றேன். அத்தை என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். யாரும் திட்டவில்லையே, பிறகு எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.