மூக்கைப் பிடித்து ஊதச் சொன்னார்கள்

என் அக்கா கணவரின் வலது காதைச் செவிடாக்கியது நான்தான்.

கடல்தான் காரணம் என்கிறார்கள் எல்லோரும். அம்மா கண்ணேறு என்கிறாள். அத்தானோ தன் கவனக்குறைவு என்று சொல்லிக்கொள்கிறார். தாராவியில் ஒருவரிடமும் நான் வாய் திறக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, என்னை எங்கும் சந்திக்கப்போவதுமில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். இது கோழைத்தனம் என்றால் மறுக்க மாட்டேன்.

முதலில் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் சந்தில் யாருக்கு ஆஸ்பத்திரி, பேங்க், ரேஷன் ஆபீஸ் என்றாலும் "கனியக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். பத்து வயதிலிருந்தே அப்படித்தான். எதிரே இருப்பவர் இந்தியிலோ மராத்தியிலோ பேசுவார், நான் தமிழில் சொல்வேன். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கும், வந்து முப்பது வருடமாகியும் வீட்டைத் தாண்டாத பெண்களுக்கும் நான்தான் வாய்.

அதில் எனக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. அதிகாரி பத்து நிமிடம் பேசினால் நான் ஒரே வரியில் முடித்துவிடுவேன். முழுதையும் சொன்னால் குழம்புவார்கள், பயப்படுவார்கள். வேண்டியதை மட்டும் சொல்ல வேண்டும். எது வேண்டியது? அதை நான் தீர்மானிப்பேன்! ஒருவரும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. கனி கூட வந்தால் வேலை சட்டென்று முடியும் என்றுதான் பெயர்.

என் அக்கா செல்வியைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கமிருந்து மும்பைக்கு வந்தவர் இசக்கிமுத்து அத்தான். வந்து பத்து மாதம் ஆகியிருந்தது அப்போது. இந்தியில் 'அச்சா', 'நை', 'கித்னா' மூன்றும் தெரியும். ஆனால் அவர் வேலைக்கு மொழி தேவைப்படவில்லை. தையல் மெஷின் மெக்கானிக். கார்கானாவில், அதாவது துணி தைக்கிற பட்டறையில், ஓடிக்கொண்டிருக்கிற மெஷின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியை வலது காதில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிடம். பிறகு எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுவார். முப்பது மெஷின் இரைகிற அறையில், ஒரு மெஷினின் வலியை மட்டும் தனியே பிரித்துக் கேட்கிற மனிதர்!

நானோ எதிலும் நிலைக்காதவள். ஒன்று பிடித்துவிட்டால் நான்கு நாள் தூக்கம் வராது. மலையேற்றம், கித்தார், கொரிய மொழி... எல்லாம் வந்தன, போயின. போன டிசம்பரில் கடலுக்கடியில் மூச்சு விடும் ஆசை. செம்பூர் அலுவலகத்தில் மதிய உணவு நேரம் முழுதும் ஸ்கூபா வீடியோதான். மால்வண் கடற்கரையில் நீச்சல் தெரியாதவர்களையும் கையைப் பிடித்து இறக்குகிறார்களாம். லீவு போட்டேன். தனியாக அனுப்ப மாட்டேன் என்றார் அப்பா. சரி, அக்காவையும் அத்தானையும் சேர்த்து இழுத்தேன். கல்யாணமாகி எங்கும் போகாதவர்கள்தானே என்று வீட்டில் அதற்கு ஒரு நியாயமும் கற்பித்தேன்.

ரயிலில் வரும்போதே அத்தானுக்குச் சளி. மால்வணுக்குப் போக குடால் ஸ்டேஷனில் இறங்கியபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, கரையில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். அவருடையதையும் நானே நிரப்பினேன். இதயம், ஆஸ்துமா, காது, சளி... மடமடவென்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டேன். 'சளி' என்ற இடத்தில் பேனா ஒரு கணம் நின்றது. நின்றதா? நின்றது... நான் பொய் சொல்ல மாட்டேன். அங்கேயும் 'இல்லை' போட்டுவிட்டு, கையெழுத்துக்கு இடம் காட்டினேன். அத்தான் படிக்கவில்லை. தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அக்காவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். கரையிலேயே நின்றுவிட்டாள்.

"ஏட்டி, அவுஹளுக்குப் பாஷ தெரியாது. நீ பக்கத்துலயே இருந்துக்கோ" என்றாள்.

படகு நகர்ந்தது. வானம் தெளிவாக இருந்தும் கடல் ஏனோ சாம்பல் நிறமாகத் தெரிந்தது. எங்களோடு புனேக்காரக் குடும்பம் ஒன்று. சொல்லிக்கொடுக்க வந்தவர் இருபத்தைந்து வயதுக்காரர், அந்தக் கரையிலேயே பிறந்தவர். இந்தியும் மராத்தியும் கலந்து, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல வேகமாகச் சொன்னார். வாயால் மட்டும் மூச்சு. நன்றாக இருந்தால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டு. அதற்கப்புறம் அவர் சொன்னதை எழுத்து பிசகாமல் என்னால் இன்றும் ஒப்பிக்க முடியும்.

கீழே போகப் போகக் காது அடைக்கும். ஒவ்வொரு கை ஆழத்துக்கும், முகத்தில் மாட்டிய கண்ணாடிக்கு மேலாக மூக்கைப் பிடித்து மெதுவாக ஊது, காது திறக்கும். திறக்காமல் வலித்தால் கையைத் தட்டையாக ஆட்டி, காதைத் தொட்டுக் காட்டு. நிறுத்தி மேலே கொண்டுவருவோம். வலியைப் பொறுத்துக்கொண்டு போகாதே. இதுதான் முக்கியம்.

'இதுதான் முக்கியம்' என்று அவர் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவை!

அத்தான் என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்லுதான் கனி?"

"வாயால மூச்சு விடணும். நல்லாருக்கான்னு கேட்டா இப்படி வட்டம் காட்டணும். மத்ததெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நீங்க என்ன ஆனாலும் அசையாம இருங்க அத்தான், அது போதும்."

இவ்வளவுதான் சொன்னேன். இதைத்தான் சொன்னேன்.

புனேக்காரர்கள் அவசரப்பட்டார்கள், அதனால் விட்டுப்போயிற்று என்று பல நாள் எனக்கே சொல்லிவந்தேன். பழக்கதோஷம், எப்போதும்போலச் சுருக்கினேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன தெரியுமா? காது வலிக்கும் என்று சொன்னால் அத்தான் "நா எறங்கல கனி, நீ போயிட்டு வா" என்பார். அவரைப் படகில் தனியே விட்டு நான் இறங்க முடியாது, பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருந்தாள் அக்கா. என் வீடியோ, என் கடல், நான்கு நாள் தூங்காத என் ஆசை... அதற்காக ஒரு மனிதருக்குச் சேர வேண்டிய எச்சரிக்கையை நடுவழியில் நான் வைத்துக்கொண்டேன். அது என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. என்னுடையது அல்ல.

தண்ணீருக்குள் இறங்கினோம். படகில் வந்த டைவர்கள் ஆளுக்கு ஒருவராக எங்களைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள். நான் மூக்கைப் பிடித்து ஊதினேன். காது 'டப்'பென்று திறந்தது. ஆமாம்... நான் ஊதினேன்! கை ஆழத்துக்கு ஒரு தடவை, தவறாமல்.

உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. என் மூச்சு மட்டும் யாரோ தொலைவில் ரம்பம் இழுப்பதுபோல. மஞ்சள் கோடு போட்ட மீன்கள் என் விரலருகே வந்து திரும்பின. நான் இப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததேயில்லை என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி அத்தானைப் பார்த்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்களை இறுக மூடியிருந்தார். நெற்றி முழுதும் சுருங்கியிருந்தது. உடம்பு கட்டைபோல விறைத்திருந்தது. அசையவில்லை. நான் அப்படித்தானே இருக்கச் சொன்னேன்? பிடித்திருந்தவர் தோளைத் தட்டி வட்டம் காட்டிக் கேட்டார். அத்தான் கண்ணைத் திறந்து, வட்டம் காட்டினார். அவருக்கு அந்த ஒரு சைகைதான் தெரியும்.

பயந்திருக்கிறார் என்று நினைத்தேன். சிரித்தேன்கூட... இன்னும் கீழே போனோம்.

மேலே வந்து கண்ணாடியைக் கழற்றியபோது அதற்குள் அவர் மூக்கிலிருந்து வந்த ரத்தம் இருந்தது. படகில் ஏறினார். உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார். படகு சுற்றுகிறது என்றார். குடல் வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தார். அலைதான், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சிரித்தார்கள் புனேக்காரர்கள்.

சொல்லிக்கொடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. ரத்தத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கான் கா இன்கோ பதாயா தா நா?" காது விஷயத்தை இவரிடம் சொன்னாயல்லவா?

"ஹான், பதாயா தா" என்றேன். சொன்னேன் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது!

தாராவிக்குத் திரும்பிய பிறகும் தலைச்சுற்றல் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலது காதில் ஓயாமல் ஒரு இரைச்சல், மெஷினை யாரோ அணைக்க மறந்ததுபோல என்றார். எங்கள் தெருமுனை கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். கடலில் குளித்தார், தண்ணீர் போயிருக்கும் என்றேன். ஆழம் போனதையோ, ரத்தம் வந்ததையோ சொல்லவில்லை. அங்கிருந்து அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வி வரும்... கடைசிக் கேள்வி என்னிடம்தான் வந்து நிற்கும். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் அந்தச் சொட்டு மருந்தை அக்கா ஊற்றினாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதைச் சோதித்தார்கள். காது டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, சமீபத்தில் விமானத்தில் போனாரா, ஆழத்தில் இறங்கினாரா என்றுதான். இனி மறைக்க இடமில்லை. சொன்னேன். இறங்கும்போது மூக்கைப் பிடித்து ஊதினாரா என்று இந்தியில் கேட்டார்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "என்ன கேக்காவ?"

"மூக்கப் பிடிச்சு ஊதினீங்களான்னு கேக்காங்க."

"அப்படி ஒண்ணு செய்யணுமா?"

அந்த அறையில், அந்த ஒரு நொடியில், எல்லாவற்றையும் நான் சரி செய்திருக்கலாம். காதை அல்ல... மற்ற எல்லாவற்றையும். குரலைத் தாழ்த்திக்கொண்டு நான் சொன்னது இது:

"படகுல சொன்னேம்லா அத்தான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல. தேடுகிற பார்வை. தனக்குள் எதையோ துழாவுகிற பார்வை.

"சொல்லியிருப்ப" என்றார் மெல்ல. "நாந்தான் கடலப் பாத்த பிரமையில விட்டுருப்பேன். இவ்வளவு பெரிய விஷயத்த விட்டுட்டேனே கனி."

உள்காது கெட்டுவிட்டது, முதல் ஓரிரு நாளில் வந்திருந்தால் மருந்து கொடுத்துக் கொஞ்சமாவது மீட்கப் பார்த்திருக்கலாம், இப்போது நாளாகிவிட்டது என்றார் டாக்டரம்மா. நான் அதையும் சுருக்கினேன். "இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாதாம் அத்தான்." அவ்வளவுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது.

இப்போது கார்கானாவில் பழுது பார்க்க வேறொருவர் வருகிறார். முதலாளி சேட் அத்தானை அனுப்பிவிடவில்லை, எண்ணெய் போடவும் பெல்ட் மாற்றவும் வைத்திருக்கிறார். இடது காதில் வைத்துக் கேட்டுப் பார்த்தார் அத்தான். வலது காதின் இரைச்சல் குறுக்கே வந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறதாம். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. புகார் சொல்லத் தெரியாதவர் அவர். கடலுக்கடியிலும் அப்படித்தானே இருந்தார்!

அதைவிட மோசமான ஒன்று இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அவர் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. அக்கா வாங்கிவரச் சொன்ன காய், சேட் சொன்ன வேலை, எல்லாம் அதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா சந்தையில் வைத்து என்னிடம் கேட்டார்.

"அன்னைக்கு நீ சொன்னத எத்தன யோசிச்சும் ஞாபகம் வரமாட்டேங்கு. மத்ததெல்லாம் வருது... வட்டம் காட்டச் சொன்னது, அசையாம இருக்கச் சொன்னது. இது மட்டும் இல்ல. எனக்கு மண்டையில ஏதும் கோளாறு இருக்குமோ கனி?"

புரிகிறதா உங்களுக்கு? அவருடைய ஞாபகம் சரியாக இருக்கிறது. ஒரு சொல் பிசகாமல் இருக்கிறது. அந்த நல்ல ஞாபகத்தை அவரே நம்பாதபடி செய்திருக்கிறேன் நான். காதை எடுத்தேன், அது போதாதென்று...

என்ன பதில் சொன்னேன் என்கிறீர்களா? "அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தான், எல்லாருக்கும் மறக்கும்" என்றேன். தலையாட்டிக்கொண்டார். கொத்தமல்லி வாங்கினோம்.

அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை வாயெடுத்திருப்பேன்! சொன்னால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்ற பயமா? இல்லை. சொன்ன பிறகும் அத்தான் "போட்டும் விடு" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அதைத் தாங்க என்னால் முடியாது.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி ஆஸ்பத்திரி. மறதிக்கும் சேர்த்துக் காட்ட வேண்டுமாம் அத்தானுக்கு. மறதிக்கென்று தனி டாக்டர் இருக்கிறார், இவர் எப்போதிலிருந்து, எதை மறந்தார் என்று அவர் கேட்பார். நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். அத்தான் வேறு யாரையும் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சாலையில் நடக்கும்போதும் வரிசையில் உட்காரும்போதும் அவர் என்னைத் தன் இடப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்கிறார். நான் சொல்வது ஒன்றுகூடத் தவறிவிடக் கூடாதாம்.