வரிசையைக் கலைத்தவள்

மந்தைவெளிக் காய்கறிக் கடைக்காரர் என்னை மலையாளி என்று நம்புகிறார். முதல் நாள், "கேரளாவாம்மா?" என்று கேட்டார், தலையாட்டிவிட்டேன். யாழ்ப்பாணம் என்று சொன்னதால் அதற்குமுன் இரண்டு இடங்களில் வீடு கிடைக்காமல் போயிருந்தது. இந்த நாலு வருடத்தில் பேச்சை ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டேன். இப்போது வீட்டில் வாயைத் திறந்தால் அம்மாவே, "ஆரோடை கதைக்கிறாய், பிள்ளை?" என்று திரும்பிப் பார்க்கிறார்.

கம்ப்யூட்டரில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று ஊரிலிருந்து நீங்கள் எல்லோரும் கடிதம் எழுதிக் கேட்கிறீர்கள். தி. நகரில் ஒரு மாடி அறையில் நாலைந்து பேர் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறோம். சென்ற வருடம் ஒரு கண் மருத்துவமனைக்கு எழுதினோம். அன்றைய அறுவைசிகிச்சைக்கான வரிசையை டாக்டர் போடுவார்; பட்டினியோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகள் முதலில். வரவேற்பறைக்கோ அதே பெயர்கள் ஆங்கில அகரவரிசையில் வேண்டும். பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்து அந்த நகலை அடுக்கலாம். அல்லது பட்டியலையே கலைத்து அடுக்கலாம். பக்கத்து மேசை சலீம் சிந்தாதிரிப்பேட்டைக்காரர். "வந்த லிஸ்ட்டத் தொடாதீங்க சிஸ்டர். காப்பி எடுத்து அத்த மாத்துங்க" என்றார். நான் கேட்கவில்லை. அந்த மெஷினில் மெமரி குறைவு. நகல் எடுப்பது வீண் என்று வாதாடினேன். கலைத்து அடுக்க நாலே வரி போதும். பழையதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த நாட்களில் எல்லாவற்றுக்குமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புரோகிராம் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் முற்பகலில் மருத்துவமனையிலிருந்து நர்ஸ் செல்வி போன் செய்தாள். முதலில் கூப்பிட வேண்டிய யசோதா என்ற அம்மாள், முந்தின இரவிலிருந்து சாப்பிடாதவர், பட்டியலில் கடைசியாக இருக்கிறார் என்றாள். "மயங்கி வுழுந்துட்டாங்க மேடம்."

"அவ கதைக்கிறாவோ?" என்றேன்.

"இன்னாது, கதையா? நான் இன்னாத்துக்கு மேடம் கதை உடறேன்? நெசமாத்தான்."

'பேசறாங்களா' என்ற சொல் எனக்கு வரவே இல்லை. சலீம் என் கையிலிருந்து போனை வாங்கி விசாரித்தார். வரவேற்பறையில் யாரோ பட்டியலை அச்செடுத்திருக்கிறார்கள். அச்செடுக்கும்போது என் நாலு வரிகள் பெயர்களை இடம் மாற்றிவிட்டன. அறுவை அறையின் திரையும் அதே பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது எங்கள் முதலாளி, அங்கே டைப் செய்தவர்களின் தவறு என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே மேனேஜர் செல்வியைத்தான் நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் தரையைப் பார்த்து நின்றாள். "வரிசைய அவங்க மாத்தல சார். நான் எழுதின புரோகிராம்தான் மாத்திடுச்சு" என்றேன். யசோதாம்மாவுக்கு குளூக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தவர், தன் பேர் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் கடைசியில் வருவதற்குத் தான் என்ன செய்ய முடியும் என்று மெதுவாகக் கேட்டார். மறுநாள் அவருக்குத்தான் முதல் அறுவை, நல்லபடியாக முடிந்தது. செல்வி அதன்பிறகு என்னோடு வேலைக்கு வேண்டிய அளவுதான் பேசினாள்.

டாக்டர் போட்ட பட்டியலை இனி யாராலும் படிக்க மட்டுமே முடியும், மாற்ற முடியாது என்று திருத்தி எழுதினேன். வரவேற்பறைக்கு எடுக்கும் நகலுக்கு மெமரி போதாமல் வேறு இரண்டு வசதிகளை வெட்ட வேண்டியிருந்தது. முதலாளிக்கு வருத்தம்தான். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. அழித்துவிட்டேன் என்று நினைத்த சொல் அத்தனை நாளும் எங்கே இருந்தது? தேடினால் கிடைப்பதில்லை, பயந்தால் வந்துவிடுகிறது.

போன வாரம், அகதிகள் எல்லோரும் செய்ய வேண்டியபடி, வீடு மாறியதைப் பதிய காவல் நிலையத்துக்குப் போனேன். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொன்னதால் இனி அசோக் நகர். எழுத்தர் என் பதிவு அட்டையை எடுத்து, ஏற்கெனவே கோடு போட்டு அடித்திருந்த இரண்டு முகவரிகளுக்குக் கீழே மந்தைவெளியையும் அடித்தார். புதியதை இடுக்கி எழுதினார்.

"பர்மனென்ட் அட்ரஸ் மாறலியே?"

ஊர் வீட்டில் இப்போது கூரையும் கதவுகளும் இல்லை என்று சித்தப்பா எழுதியிருந்தார்.

"மாறல சார்."

அவர் அட்டையைத் திருப்பி என் கையெழுத்துக்காக நீட்டினார். அடித்து அடித்து எழுதிய வரிகளுக்கு மேலே, ஒரு கீறலும் இல்லாமல், எங்கள் வீட்டு இலக்கமும் ஒழுங்கையின் பெயரும் அப்படியே இருந்தன.