ஜன்னலுக்கு வெளியே ஒட்டிய தாள்

பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கும் அந்த அம்மாவுக்குப் பட்டப்பெயர் ‘நாலுமணி’. மணி நாலு அடித்தால் ஜன்னலைப் படாரென்று சாத்திவிடுவாள். யார் கெஞ்சினாலும் திறக்க மாட்டாள்.

பிளஸ் ஒன்னுக்குப் பிரிவு தேர்ந்தெடுக்கும் மாதம் வந்தால் அவளுக்குத் தலைவலியும் கூடவே வந்துவிடும். “எந்தப் பிரிவு எடுத்தா காலேஜ்ல சீட்டு நிச்சயம்?” கேட்கிறவர்களுக்கு வாய் வலிக்காது, இவளுக்குத்தான் காது வலிக்கும். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று ஒருத்தராவது கேட்பார்களா? ம்ஹும்! அந்த எரிச்சலில் அவள் ஃபாரங்களைப் படிப்பதே இல்லை. வாங்குவாள், முத்திரை குத்துவாள், அவ்வளவுதான்.

கடைசி நாள், மூன்றரை மணி. லாரி டிரைவர் ஒருவர் மகளின் ஃபாரத்தை நீட்டினார். பிரிவு எண்ணை அடித்துத் திருத்தியிருந்ததால் கண்ணில் பட்டது.

“உயிரியல்னா மூணு. எதுக்கு ஒண்ணுன்னு மாத்தினீங்க?”

“இந்த வருஷம் ஒண்ணுதாங்க. மூணு கம்ப்யூட்டர்.”

“பதினெட்டு வருஷமா இங்க குப்பை கொட்டறேன். எனக்கேவா?”

“உங்க ஜன்னல்லயே ஒட்டியிருக்குங்களே!”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒட்டியதே அவள்தான். எழுத்து வெளிப்பக்கம், உள்ளே இருந்தவளுக்கு வெறும் வெள்ளைத்தாள். எழுந்து வெளியே போய்ப் படித்தாள். மனுஷன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

போன வாரம், இதே பள்ளியில் படிக்கும் சொந்த மகளின் ஃபாரத்தில் ‘மூன்று’ என்று எழுதியதும் அவள் கைதான். “ஒரு தடவ பாத்துடும்மா” என்றவளை, “எனக்குத் தெரியாத நம்பரா, போடி” என்று விரட்டியிருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. உயிரியல் எடுக்காதவர்களை அந்தக் கல்லூரி ஏறெடுத்தும் பார்க்காது. பெற்ற பிள்ளை வாயிலேயே மண்ணை அள்ளிப் போட்டேனே, பாவி!

மாற்று ஃபாரம் இன்றே தர வேண்டும், மாணவியின் கையெழுத்தோடு. மகளோ மூன்றாம் மாடி ஆய்வகத்தில். வரிசையை அப்படியே விட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடினாள்.

இருவரும் இறங்கி வந்தபோது மணி நாலு பத்து. வரிசையில் ஏழு பேர் அசையாமல் நின்றார்கள். டிரைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார்.

“என்னத்தப் பாக்கறீங்க? எல்லாருதும் வாங்கறேன், குடுங்க!” என்று சிடுசிடுத்தபடி உள்ளே போய் உட்கார்ந்தாள்.

மகள் பக்கவாட்டுக் கதவால் உள்ளே நுழையவில்லை. எட்டாவது ஆளாகப் போய் நின்றாள். முறை வந்ததும் ஃபாரத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

“இந்தத் தடவயாவது படிம்மா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே படித்தாள். பிரிவு ஒன்று. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம். அடியில் ஒரு வரி இருந்தது: ‘மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்தேன். பெற்றோர் கையொப்பம்.’

போன வாரமும் இதே வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்றைக்குப் போடக் கை கூசியது.