என்னைப் புரட்டிப் படுக்க வைத்தது யார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, அருள்வாக்கு என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இப்போது எழுந்து போக முடியாது என்பதால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். நெய்வேலியில் இந்தக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை. மண்மேட்டுப் பக்கம் வெள்ளைப் புடவை நடக்கிறது, பூட்டிக் கிடக்கிற குவார்ட்டர்ஸில் குழாய் தானாகத் திறக்கிறது என்று பிளாக்குக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். நான் நிலக்கரி மைன்ஸில் பெல்ட் ஆபரேட்டர், நைட் ஷிஃப்ட் பார்த்தே தலை நரைத்தவன், கரி ஓடுகிற கன்வேயர் ஓரமாகத் தனியாக எத்தனையோ ராத்திரி நடந்திருக்கிறேன், நாயையும் நரியையும் காதில் துண்டு கட்டிய மனுஷன்களையும் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை. செத்தவன் வேறு போக்கிடம் இல்லாமல் இந்தக் கரித்தூசியில் வந்தா நிற்பான்? கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா இந்த ஜனங்கள்.

அப்படிப்பட்ட நான்தான் இதைச் சொல்கிறேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குக் கோபம் வரும். ராத்திரி பன்னிரண்டு மணி, ஊளைச் சத்தம் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இது நடந்தது பட்டப்பகலில், சாப்பாட்டு நேரம் தாண்டி.

போன சித்திரையில் எங்கள் குவார்ட்டர்ஸ் தோட்டத்துப் பலாமரத்தில் ஏறினேன். மரம் ஏறத் தெரிந்த ஆளாகக் கூப்பிடு என்று என் மனைவி வசந்தா சொன்னாள், எனக்குத் தெரியாத மரமா என்று ஏறினேன். கீழே சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு சவரிமுத்து நின்றான். எங்கள் செக்ஷனில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவன், குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள், கூப்பிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். கிளை வழுக்கியது, துணி துவைக்கிற கல்லின் விளிம்பில் முதுகு பட விழுந்தேன். மூச்சு வரவில்லை, பேச்சு வரவில்லை. அந்த முண்டம் என்ன செய்தது தெரியுமா? பின்னால் வந்து இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து, கட்டை விரலைத் தோள்பட்டைக்குக் கீழே அழுத்தி, அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கி உட்கார வைத்தது. ஒன்றுமில்லை, எழுந்திரு என்று சொல்லி நிற்க வைக்கப் பார்த்தது. முகத்தில் தண்ணீர் அடித்தது, பக்கத்து வீட்டில் சோடா வாங்கி வாயில் ஊற்றியது, கடைசியில் ஆட்டோவில் என்னை மடித்துத் திணித்துக் கொண்டுபோனது.

ஆபரேஷன் நடந்தது. உடைந்த எலும்பைத் தகடும் திருகாணியும் வைத்து நிறுத்தினார்கள், ஆனால் உள்ளே தண்டுவடம் நசுங்கிப் போயிருந்தது, இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் இல்லை. விழுந்தவரை அசைக்காமல் பலகையில் படுக்க வைத்து, கழுத்தும் முதுகும் நேராக இருக்கும்படி கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்போ தூக்கியதால்தான் போச்சா என்று கேட்டேன். விழுந்ததில் எவ்வளவு போனது, தூக்கியதில் எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். யாராலும் முடியாதாம். நான் சொல்வேன், எல்லாம் அவனால்தான் போனது.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்த கூட்டம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. முதுகெலும்பு என்றால் ஊரில் எல்லோரும் டாக்டர். கத்தியே வைத்திருக்கக் கூடாது, நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டிருந்தால் இந்நேரம் நடந்திருப்பாய் என்றான் ஒருவன். வெளிநாட்டில் எவனோ மிஷின் மாட்டி நடக்கிற வீடியோவைக் காட்டினான் இன்னொருவன். வசந்தாவின் தம்பி மனதில் தைரியம் இருந்தால் போதும் மாமா என்றான், தைரியம் குறைந்துதான் என் முதுகு உடைந்த மாதிரி. ஜெபம் செய்கிற கூட்டமும் வந்தது, எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொண்டுவந்த கூட்டமும் வந்தது, இரண்டு கூட்டமும் காபி குடித்துவிட்டுப் போனது. ஹார்லிக்ஸ் பாட்டில்களை அடுக்க அலமாரியில் இடமில்லை. இத்தனை பேரில் ஒருத்தனாவது என்னை ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்தானா என்று கேளுங்கள்.

ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஆபரேஷன் பாதிதான், மீதி வீட்டில்தான் என்று பிசியோதெரபி பார்க்கிற அம்மா சொல்லி அனுப்பினார். உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் செத்துப் புண்ணாகிவிடும், எனக்குச் சர்க்கரை வேறு, புண் வந்தால் லேசில் ஆறாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், அதுவும் முறுக்கக் கூடாது, தோளும் இடுப்பும் சேர்ந்து ஒரே கட்டையாக உருள வேண்டும், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைக்க வேண்டும், குதிகால் மெத்தையில் படாமல் சுருட்டிய துண்டு கொடுக்க வேண்டும். வசந்தா அத்தனையும் கற்றுக்கொண்டு ராத்திரி பகல் பார்க்காமல் செய்தாள். அவளைத் தவிர இந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

சவரிமுத்து வாரம் தவறாமல் வருவான். அவனை உள்ளே விடாதே என்று கட்டிலில் கிடந்தபடியே கத்துவேன், அவன் காதில் விழட்டும் என்றே கத்துவேன். கேட்டுக்கு வெளியே நிற்பான், கேஸ் சிலிண்டர் வந்திருந்தால் சமையலறைக் கதவு வரை தூக்கி வைப்பான், போய்விடுவான். அத்தனை மாதத்தில் அவன் என் கட்டிலைப் பார்த்ததே இல்லை. நான் எப்படிக் கிடக்கிறேன் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

ஐப்பசியில் வெளியூர் மறுவாழ்வு மையம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. உட்காரவும், சக்கர நாற்காலியில் ஏறி இறங்கவும், தானே திரும்பிப் படுக்கவும் சொல்லித்தருகிற இடம், காத்திருந்து காத்திருந்து கிடைத்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, உடம்பில் திறந்த புண் இருக்கக் கூடாது, இருந்தால் ஆறிய பிறகுதான், அதற்குள் கால் மூட்டெல்லாம் இறுகிப்போகும். அந்த வாரம்தான் வால் எலும்புக்கு மேலே சிவப்பாக ஒரு வட்டம் வந்திருந்தது. தோல் கிழியவில்லை, ஆனால் கிழியலாம் என்ற நிலை. என் மீதி வாழ்க்கை முழுவதும் உள்ளங்கை அளவு தோலில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை புயல் மழை. நாட்டுக்கே கரண்ட் அனுப்புகிற ஊர் என்று பீற்றிக்கொள்கிறோம், எங்கள் பிளாக்கில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. நான் படுத்திருந்த காற்று மெத்தையின் மோட்டார் நின்று மெத்தை சப்பையாகிப் போனது. வசந்தாவுக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். காலையில் கஞ்சி கொடுத்து, அது இறங்கட்டும் என்று என்னை மல்லாக்கப் படுக்க வைத்தாள், சாரல் அடிக்கிறது என்று வாசல் கதவையும் பின் கதவையும் தாழ்ப்பாள் போட்டாள், மாத்திரை விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று கூடத்தில் பாயை விரித்தாள். அப்புறம் அவள் எழுந்திருக்கவே இல்லை.

கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. போனில் சார்ஜ் இல்லை. மத்தியானம் ஆனது, தாண்டியது. வலித்தாலாவது பரவாயில்லை, எனக்குக் கீழே என் தோல் செத்துக்கொண்டிருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்தேன், தோள் திரும்பியது, இடுப்பு ஈரச் சாக்காகக் கிடந்த இடத்திலேயே கிடந்தது. முறுக்கினால் உள்ளே திருகாணி என்னாகும் என்று பயந்து விட்டுவிட்டேன். அழுதேன், சொல்ல என்ன வெட்கம், வாய்விட்டு அழுதேன். பயம் என்றால் எனக்கு அதுதான் பயம், வெள்ளைப் புடவை இல்லை.

அப்போதுதான் தலைமாட்டிலிருந்து இரண்டு அக்குளிலும் கை நுழைந்தது.

வசந்தா என்றுதான் நினைத்தேன். இப்போதுதான் கண் திறந்ததா என்று எரிந்து விழுந்தேன். கட்டை விரல் இரண்டும் தோள்பட்டைக்குக் கீழே அழுத்தின. அதே நேரத்தில், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், என் வலது முழங்காலில் ஒரு உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. சித்திரையிலிருந்து எனக்கு முழங்கால் என்ற ஒன்றே கிடையாது. ஆனால் அந்தக் கையின் சூடு தெரிந்தது, காய்ப்புத் தெரிந்தது. மெதுவாக, தோளும் இடுப்பும் ஒன்றாக, ஒரே கட்டையாக நான் சுவர்ப் பக்கம் உருண்டேன். இவளுக்கு மூன்று கை எப்படி வந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முதுகில் காற்றுப் பட்டது, அந்த நிம்மதியில் கண்ணை மூடிவிட்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ, திரும்பவும் அதே கைகள். இந்த முறை கதவுப் பக்கமாக உருட்டின. உருளும்போதே திறந்திருந்த அறைக் கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. பாயில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வசந்தா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரிகிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, என் முதுகில் இன்னும் கை இருக்கிறது.

பின்னால் யாரோ தலையணையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. முழங்காலிலிருந்து அந்த உள்ளங்கை கடைசியாக விலகியது. திரும்பிப் பார்க்க என்னால் முடியாது, முடிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் வசந்தா அலறிக்கொண்டு எழுந்து ஓடிவந்தாள், வந்தவள் கட்டிலருகே அப்படியே நின்றுவிட்டாள். நான் ஒருக்களித்துக் கிடந்தேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணை, கணுக்காலுக்குக் கீழே சுருட்டிய துண்டு, குதிகால் மெத்தையில் படவில்லை. டார்ச் அடித்து முதுகைப் பார்த்தாள். சிவப்பு வட்டம் வெளுத்திருந்தது, தோல் கிழியவில்லை. யார் வந்தது என்று கேட்டாள், நீதான் சொல்ல வேண்டும் என்றேன். வாசலிலும் பின்னாலும் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது.

மறுநாள் காலை மழை விட்டதும் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. சவரிமுத்துதான். எட்டிப் பார்த்துவிட்டு வந்த வசந்தா, அவனால் நிமிரவே முடியவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோணலாக நிற்கிறான் என்றாள். பலாமரத்தடியில் என் தோள்பட்டைக்குக் கீழே அழுத்திய கட்டை விரல் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவனை உள்ளே கூப்பிடு என்றேன், அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

வந்தான், அறை வாசலிலேயே நின்றான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். இடுப்பில் என்ன என்று அதட்டினேன். நேற்று பகல் ஷிஃப்ட் என்றும், மழையில் வேலை நின்றதால் எல்லோரும் ஷெட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள் என்றும் சொன்னான்.

"என்னாத்தடா தூக்கின?"

"ஒன்னும் தூக்கலண்ணா. ஷெட்டுல தூங்கிகினு இருந்தேன். எழுந்தா புடிச்சிகிச்சி."

கட்டில் காலைப் பார்த்தபடி அவனே மேலே சொன்னான்.

"கண்ண மூடனா அதாண்ணா வருது. பலாமரத்தடியில ஒன்ன தூக்கறேன். தெனமும் தப்பாவே தூக்கறேன். நேத்து மட்டும் சரியா தூக்கனேன்."

இதைக் கேட்டு வசந்தா அழுதாள். நான் அழவில்லை, போடா முட்டாள் என்றேன். கரண்ட் வந்ததும், அவன் ஷெட்டை விட்டு நகர்ந்தானா என்று ஷிஃப்டில் இருந்தவர்களிடம் போன் போட்டுக் கேட்டேன், நகரவே இல்லை என்றார்கள், தூக்கத்தில் மெதுவா, மெதுவா என்று உளறியதாகச் சொல்லிச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மையத்தில் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு நானே புரண்டு படுக்கிறேன், நானே நாற்காலியில் ஏறுகிறேன், பிளாக் கடைத்தெரு வரை போய்வருகிறேன். டாக்டரிடம் அந்தக் கையைப் பற்றிச் சொன்னேன். உணர்ச்சி போன இடத்தில் ஏதோ இருக்கிற மாதிரி மூளை காட்டும், எல்லோருக்கும் வருவதுதான் என்று சிரித்தார். சரி, தலையணையை வைத்தது மூளையா என்று கேட்டேன், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். படித்தவர்களின் லட்சணம் இதுதான். ஊசியால் குத்தி, பஞ்சால் தொட்டுப் பார்த்ததில் இரண்டு முழங்காலும் பூஜ்யம். போன மாதம் சுடச்சுட டீ வலது முழங்காலில் கொட்டிக் கொப்புளம் வந்தது, வசந்தா பார்த்துக் கத்திய பிறகுதான் எனக்கே தெரியும்.

சவரிமுத்து இப்போது உள்ளே வருகிறான். நான் இன்னும் அவனைத் திட்டுகிறேன், அதை நிறுத்துகிற உத்தேசம் இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிற நாட்களில் டீயைக் குடித்துவிட்டு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்காருவான், பேச்சின் நடுவிலேயே தலை தொங்கிவிடும். அவன் இரண்டு கையும் அவன் மடியில்தான் கிடக்கும், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவன் தூங்கிய கொஞ்ச நேரத்தில் என் வலது முழங்காலில் அந்த உள்ளங்கை வந்து உட்காருகிறது, அதே சூடு, அதே காய்ப்பு. இதை அவனிடம் சொல்லவில்லை, வசந்தாவிடமும் சொல்லவில்லை. அவனை எழுப்புவதும் இல்லை.