ஈர விரல்

வில்லியனூர், பாகூர் பக்கம் என் ஆட்கள் பெயிண்ட் அடிக்காத கல்யாண மண்டபம் கிடையாது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று என்னிடம் இருபது பேருக்கு வேலை. அந்தத் தெம்பில்தான் பாகூர் மண்டபத்தில் நடந்த ஓவியக் கண்காட்சிக்குள் நுழைந்தேன். சுவரெங்கும் உள்ளங்கை அகலத்தில் படங்கள். ஆளில்லை, மரமில்லை, வெறும் நிறம்.

வரைந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கொண்டையில் பிரஷ் செருகியிருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் எந்தப் படத்தையும் பார்த்தார்.

“இன்னாம்மா, பெயிண்ட் கட ஷேடு கார்டு மாதிரி இருக்குது? கலர் நிக்குமா?” என்று கேட்டபடியே, சுவரைச் சோதிக்கிற பழக்கத்தில், விரலில் எச்சில் தொட்டு ஒரு படத்தைத் தேய்த்துவிட்டேன். சிவப்பு அப்படியே விரலோடு வந்துவிட்டது.

“ஆறு மாசமா ஒக்காந்து போட்டதுங்க ஐயா,” என்றார்.

“அந்த செவப்ப நானே கலந்து தரேம்மா. என்னாட்டம் கலக்க ஆளே இல்ல.”

அவர் படத்தை ஆணியிலிருந்து கழற்றி, முந்தானையைக் குடிதண்ணீர் பாட்டிலில் நனைத்து, மிச்சமிருந்த நீலத்தையும் மஞ்சளையும் நிதானமாகத் துடைத்தார்.

“அய்யோ, இன்னாம்மா பண்ற!”

“செவப்பு போனப்புறம் இதுங்களுக்கு இங்க வேல இல்லீங்க.”

கறை மட்டும் மிஞ்சிய காகிதத்தை அதே ஆணியில் மாட்டினார்.

தப்பு நடந்த சுவரில் இன்னொரு கோட்டிங் அடித்து மூடியே முன்னுக்கு வந்தவன் நான். வெளியே வந்து, விரலில் ஒட்டியிருந்த சிவப்பைத் துடைக்காமலே செருப்பை மாட்டினேன்.