மூக்கை அளந்த மூன்று நாள்

பன்னிரண்டாம் வகுப்பில் மனிதப் பரிணாமப் பாடம் வந்தபோது எங்கள் விலங்கியல் டீச்சர், "இத நீங்களே படிச்சிக்குங்க, எக்ஸாம்ல வராது" என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நான் அதை நாலு தடவை படித்தேன். அந்தக் கோபத்தில்தான் சென்னையில் மானிடவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்பாவும் நம்பவில்லை.

"மனுசனப் பத்திப் படிக்க இன்னாத்துக்கு காலேஜு? நம்மூரு பக்கத்துல பெருநகர் பஸ் ஸ்டாப்புல ஒக்காந்தா எல்லாரும்தான் போறாங்க வராங்க" என்றார். ஆனாலும் விடுதியில் கொண்டுபோய் விட்டார்.

முதல் இரண்டு வருடமும் எங்களுக்குப் பரிணாம உயிரியல் எடுத்தவர் துறைப் பேராசிரியர். நன்றாக எடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக் மண்டையோடுகளை வரிசையாக மேசைமேல் வைத்துக்கொண்டு, இரண்டு காலில் நிமிர்ந்து நடந்ததற்குப் பிரசவ வலியில் நாம் இன்னும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவர் விளக்கியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தோல் நிறம் என்பது வெயில் சம்பந்தப்பட்ட விஷயம் என்றார். ஒரே கூட்டத்துக்குள் இருக்கிற வேறுபாடு, இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் இருப்பதைவிட அதிகம் என்றார். 'தாழ்ந்த இனம்' என்று ஒன்று உயிரியலில் கிடையாது, அது பரீட்சையில் பத்து மார்க் கேள்வி என்றும் சொன்னார். லீவில் ஊருக்கு வந்து எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அவர் கடவுள் மாதிரி.

மூன்றாம் வருடம் களப்பணி. எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது நான்தான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி இருளர் குடியிருப்பு இருக்கிறது, எல்லோரையும் எனக்குத் தெரியும் என்றேன். 'தெரியும்' என்று சொன்ன அந்த வாயை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. அவர்கள் எங்கள் நிலத்தில் நாற்று நடுபவர்கள், களை எடுப்பவர்கள். அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்?

பன்னிரண்டு மாணவர்களும் பேராசிரியரும் வேனில் வந்து இறங்கினோம். முதல் குடிசை வாசலிலேயே ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஐந்தாம் வகுப்பு லீவில் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனவள், திரும்பப் பள்ளிக்கு வரவில்லை. இப்போது இடுப்பில் குழந்தை.

"நீங்கதானா? வாங்க, வாங்க. நல்லா கீறீங்களா?" என்றாள்.

என்னை 'நீங்க' என்றாள். ஸ்லேட்டைப் பிடுங்கிச் சண்டை போட்டவள்.

வேலை தொடங்கியது. எங்களிடம் அளவெடுக்கும் காலிப்பர் இரண்டு, வளைந்த கைகள் கொண்டது ஒன்று, நேரானது ஒன்று. தலையின் நீளம், அகலம், மூக்கின் உயரம், அகலம். ஒருவர் அளக்க, ஒருவர் எண்ணைச் சொல்ல, ஒருவர் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஜனங்கள் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தார்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கூட்டி வந்திருக்கிறேன், நான் யார் வீட்டுப் பெண் என்று அவர்களுக்குத் தெரியும். அப்புறம் எப்படி மாட்டேன் என்று சொல்வார்கள்? இது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் என் பழைய தோழியின் முறை. பேராசிரியர் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பார்களே, அப்படி.

"பாருங்க, அகலமான மூக்கு. ஆதிக் கூறு, ஆதிமனுசனோட அடையாளம். தெளிவாத் தெரியுது. நோட் பண்ணுங்க" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவள் தாடை அவர் கையில் இருக்கும்போதே கேட்டாள், "சார், இந்தப் பேப்பர காட்டினா சாதி சர்டிபிகேட் குடுப்பாங்களா? என் தங்கச்சி பத்தாவது பாஸ் பண்ணிட்டு வூட்ல குந்திக்கினு கீது. சர்டிபிகேட் இல்லாம ஹாஸ்டல்ல சேத்துக்க மாட்டன்றாங்க."

"பாக்கலாம்மா, பாக்கலாம். தலைய ஆட்டாத."

என் கையில் தாள் இருந்தது. நான் எழுதவில்லை.

"சார், ஆதிக் கூறுன்னு ஒண்ணு கிடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. மூக்கு காத்தோட ஈரத்துக்கும் சூட்டுக்கும் ஏத்த மாதிரி அமையறதுன்னு சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது தியரி பேப்பர். இது பிராக்டிகல்."

மற்ற பதினோரு பேரும் சிரித்தார்கள். அவளும் என்னவென்று புரியாமல் கூடச் சிரித்தாள். எனக்குத் தலையெல்லாம் கொதித்தது. இரண்டு வருடம் இந்த மனிதர் சொன்னதை வேதவாக்காக எழுதியிருக்கிறேன். அவர் அதில் ஒரு சொல்லைக்கூட நம்பியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் வேன் கிளம்பும்முன், நான் குறித்த தாள்களையெல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டேன். "இது உங்களோடது" என்றேன். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஆபீஸுக்கு வரீங்களா? படிச்சவங்க வந்தா பேசுவாங்க" என்றாள்.

சரியாகக் கேட்டாள். அடுத்த வாரம் அவளையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி என் ஊரையும் அப்பா பெயரையும் விசாரித்துவிட்டு எனக்கு மட்டும் நாற்காலி காட்டினார். நான் உட்காரவில்லை.

"பாம்பு புடிப்பியா?" என்று தங்கையைக் கேட்டார்.

"தெரியாது சார்."

"எலி?"

"இல்ல சார். ஸ்கூலுக்குப் போய்க்கினு இருந்தேன்."

"அப்புறம் எப்டி நீ இருளர்? நல்லா சுடிதார் போட்டுக்கினு, தமிழ் பேசிக்கினு வந்தா நான் நம்பிடுவனா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏரிக்கரையில் ஒருவர் மூக்கைப் பார்த்து ஆதி என்கிறார். இங்கே ஒருவர் சுடிதாரைப் பார்த்து இருளரே இல்லை என்கிறார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. வெயில், தோல் நிறம், மரபணு என்று பாடத்தையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். அவர் ஃபைலை மூடிவிட்டு, "உங்க அப்பாகிட்ட நான் பேசறேம்மா" என்றார்.

பேசினார். வீட்டுக்குப் போனபோது அப்பா சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பேஜார் பண்ணிக்கினு கீற நீ? அதுங்க சர்டிபிகேட் வாங்கி, படிச்சி, டவுனுக்குப் பூட்டா நாளிக்கு நம்ம நெலத்துல யாரு எறங்குவா? நீ எறங்குவியா?"

"எறங்கறேன்" என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதிகாரி பூசி மெழுகியதை அப்பா மறைக்காமல் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று இல்லை.

கல்லூரியில் பேராசிரியர் கேட்டார், "உன் டேட்டா எங்க?"

"யார்கிட்ட எடுத்தமோ அவங்ககிட்டயே குடுத்துட்டேன் சார்."

செய்முறைத் தேர்வில் என்னைப் பெயிலாக்கினார். மறு வருடம் திரும்ப எழுதினேன். அந்தத் தடவை எனக்கு அடுத்த வகுப்பு மாணவர்களையும் பேராசிரியர் அறைக்குப் பக்கத்து அறை ஊழியர்களையும் அளந்து கணக்குக் காட்டினேன். பாஸ் போட்டார். பட்டம் ஒரு வருடம் தள்ளி வந்தது.

அந்தச் சான்றிதழுக்காக மனுமேல் மனு போட்டோம். என் தோழிக்கு எழுத்து மறந்திருந்தது. கையெழுத்தை மட்டும் திரும்பப் பழகிக்கொண்டு, ஒவ்வொரு மனுவிலும் தானே போட்டாள். மாவட்ட அலுவலக வாசலில் பத்துக் குடும்பங்கள் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்த பிறகு விசாரணைக்கு ஆள் அனுப்பினார்கள். சான்றிதழ் கைக்கு வந்தபோது தங்கைக்கு ஒரு வருடம் வீணாகியிருந்தது. அந்த ஒரு வருடமும் அவள் எங்கள் வயலில்தான் களை எடுத்தாள்.

இப்போது அவள் விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கிறாள். போன மாதம் உத்திரமேரூர் பஸ்ஸில் அவளுடைய அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் இடம் விட்டு, "ஒக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

"தங்கச்சி எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டேன்.

"படிக்கிது. அந்த மனுசப் பாடத்த மட்டும் டீச்சர் நடத்தலியாம். கோவமா கீது" என்றாள்.