கடைசி இடத்தை எடுத்த சுகந்தி

இன்று காலை எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பூட்டுவதற்கு அளவெடுக்க ஒருவர் வந்தார்.

"நல்ல வெயில் விழுற கூரை அக்கா," என்று புகழ்ந்துவிட்டு, கீழே இறங்கியதும் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஆனால் உங்கடை ஒழுங்கை வீடுகளுக்குக் கரண்ட் தாற ட்ரான்ஸ்போமரிலை இனிச் சோலார் தொடுக்க இடமில்லையாம். கடைசி இடம் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டுது."

பக்கத்து வீடு என்றால் சுகந்தி. போன வருடம் சோலாரைப் பற்றி அவளுக்கு விளக்கம் சொன்னதே நான்தான்! நான் யோசித்துக்கொண்டே இருந்தேன், அவள் விண்ணப்பித்துவிட்டாள்.

மதியம் வேலியடியில் நின்று அவளுடைய கூரையைப் பார்த்தேன். மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு முகிலாவது வந்து மறைக்காதா என்று வானத்தைப் பார்த்தேன்.

சுகந்தி கண்டுவிட்டாள். "என்னக்கா, மழை வருமோ எண்டு பாக்கிறியளோ?"

"ஓம், போர்வையள் தோய்க்க வேணும்," என்று சமாளித்தேன்.

"அப்ப எங்கடை மெசினிலை கொண்டுவந்து போடுங்கோவன். பகலிலை எங்களுக்கு வெயில் கரண்ட்தானே!"

நல்ல மனதோடுதான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு போர்வை, நான்கு தலையணை உறை, போதாததற்கு யன்னல் சீலைகளையும் கழற்றிக் கொண்டு போனேன்.

பொறாமை ஒருபக்கம், போர்வை ஒருபக்கம். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கோ.